முழங்காலில் குடித்தனம்

எங்கள் ஆய்வகத்தில் யாரும் முழங்காலைப் பார்ப்பதில்லை, புள்ளிகளைத்தான் பார்ப்போம். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் மூட்டுப் பிரிவு இருக்கிறது. அங்கே நோயாளியின் முழங்காலுக்குள் ஊசியைச் செலுத்தி, மூட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்து அரிசி மணி அளவுக்கு நாலைந்து துணுக்குகளை எடுத்து, ஒரு குழாயில் போட்டு ஐந்தாம் மாடிக்கு என்னிடம் அனுப்புவார்கள். நான் அதைக் கரைத்து, வடிகட்டி, சாயம் ஏற்றி இயந்திரத்துக்குள் விடுவேன். உள்ளே உயிரணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து லேசர் ஒளியைத் தாண்டிப் போகும். ஓர் அணு தாண்டினால் திரையில் ஒரு புள்ளி விழும். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

மூட்டுவலி என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் தேய்மானம் என்று முடித்துவிடுகிறார்கள். வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று ஆறுதல் வேறு சொல்வார்கள். என் மனைவிக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பது. எதுவும் தேயவில்லை. கிருமியை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள், சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அதற்குள் புகுந்துவிட்டன. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்குள் நுழைந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைப்பது மாதிரி. மெல்லிய சவ்வு தடித்துப் போகும், நீர் கோர்த்துக்கொள்ளும், தொட்டால் சுடும், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மூட்டு மடங்காது.

மருந்து கொடுத்தால் அந்த அணுக்களில் பெரும்பாலானவை போய்விடும். எல்லாம் போவதில்லை. சில அந்த மூட்டிலேயே தங்கிவிடும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நோயாளி ஓடியாடித் திரிவார். இவை மட்டும் உள்ளே சத்தமில்லாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மருந்தை நிறுத்திய பிறகு ஏதோ ஒரு நாளில் விழித்துக்கொண்டு மற்ற அணுக்களைக் கூவி அழைக்கும். போன நோய் திரும்பும்போது அதே முழங்காலுக்கே திரும்புவதற்கு இவைதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆய்வகத்தில் இவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் குடித்தனக்காரர்கள். நோட்டீஸ் கொடுத்தாலும் காலி செய்யாத ரகம்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்விவிட்டு, அவள் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். நாலாவது முறையும் மண்ணைக் கவ்வினேன், ஆனால் அதற்குள் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. வீட்டில் சண்டை வந்தால் அவள் இதை எடுத்து வீசுவாள், தன்னிடம் படித்தவர்களில் தேறாமல் போனது நான் ஒருவன்தான் என்று.

கல்யாணமான இரண்டாம் வருடம் நோய் வந்தது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஒரு நாள் நாற்சந்தியில் வண்டியை நிறுத்தத் தெரியாமல் விழித்த ஒரு வங்கி அதிகாரிக்காக இவள் கிளட்சை மிதிக்கப் போனாள், இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. வண்டி குதித்து நின்றது. பின்னால் வந்தவன் காது கூசத் திட்டினான். இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் முழங்கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. அந்த வங்கி அதிகாரிதான் கைத்தாங்கலாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

ஆறு மாதம் படாத பாடு பட்ட பிறகு ஒரு மருந்து பிடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஆறு மஞ்சள் மாத்திரை. சனிக்கிழமை முழுக்க வயிற்றைப் புரட்டும், ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். முழங்கால் வீங்குவது நின்றது. அவள் பழையபடி கிளட்சை மிதித்தாள், மாடி ஏறினாள், என்னோடு சண்டை போட்டாள். ஆனால் அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்வரை கர்ப்பம் கூடாது, சிசுவைச் சிதைத்துவிடும். கருவுக்குக் கெடுதல் செய்யாத வேறு இரண்டு மருந்துகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். இரண்டிலும் எட்டு வாரத்துக்குள் முழங்கால் பன் மாதிரி உப்பியது. திரும்பவும் மஞ்சள் மாத்திரைக்கே வந்து சேர்ந்தோம். இப்போது அவளுக்கு முப்பத்தேழு, எனக்கு நாற்பத்திரண்டு.

நான் சிடுமூஞ்சி என்பது ஊரறிந்த விஷயம். ஆய்வகத்தில் கதவைச் சத்தமாகச் சாத்தினால்கூட எனக்குப் பிடிக்காது. ஆனால் கடைக்குப் போனால், எவ்வளவு நீளமாக இருந்தாலும் கைக்குழந்தை இருக்கிற வரிசையாகப் பார்த்துத்தான் நிற்பேன். யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே அந்த முகம் தெரியும். அது என்னை முறைக்கும், நானும் முறைப்பேன். சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரு தடவை என் மனைவி இதைப் பார்த்துவிட்டாள். சோப்பு எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. சோப்பும் எடுத்து வரவில்லை.

எனக்குக் குழந்தை வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவளுக்கும் வேண்டும், ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது. அதில் எதையும் வைக்க விடமாட்டாள். கால் ஆடுகிற பழைய நாற்காலி ஒன்றை ஒரு நாள் அங்கே தள்ளி வைத்தேன். மறுநாள் காலையில் அது கூடத்தில் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நானும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மூட்டுப் பிரிவின் தலைமை மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அறுபது வயதை நெருங்கும் அம்மாள், பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. நோய் அடங்கியிருக்கிற, மாத்திரையை நிறுத்த விரும்புகிற நோயாளிகளின் முழங்காலில் குடித்தனக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். நூறு அணுக்களில் இவர்கள் பத்துக்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். அதற்கு மேலே என்றால் மாத்திரை தொடரும். இது முடிந்த முடிவு இல்லை, சோதனைதான் என்று படிவத்திலேயே எழுதியிருந்தது. என் மனைவி அந்தப் படிவத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

எண்ணப் போவது நான். அதை மறைக்காமல் மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும், எந்த எண் யாருடையது என்ற குறிப்பேடு ஊசி அறை நர்ஸிடம் பூட்டில் இருக்கும், அதனால் பரவாயில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முடிவு வரும்வரை இந்தச் சோதனையைப் பற்றி வீட்டில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, வலித்ததா, ஒன்றும் கூடாது. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த நிபந்தனையை நானும் அவளும் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினோம்.

ஆனால் அவளுக்கு ஊசி எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எனக்கு முன்பே தெரியும். அழைப்புக் கடிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒரு வாரம் ஒட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டா தண்ணீர் எடுக்க முடியும்? செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. அன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் ஊசி என்பதும் ஆய்வகப் பலகையில் எழுதியிருந்தது. பத்தேகால் மணிக்கு முதல் குழாய் வந்தது, எண் நாற்பத்தேழு. பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது வந்தது, நாற்பத்தெட்டு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. நாற்பத்தேழு அவளுடையது.

அந்தக் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் இளஞ்சிவப்பாக நாலு துணுக்குகள். ஏழு வருடமாக நான் எண்ணெய் தேய்த்துவிட்ட முழங்கால். அதற்குள்ளே இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். வழக்கத்தைவிடப் பதமாகக் கரைத்தேன், இரண்டு முறை வடிகட்டினேன். மத்தியானம் இரண்டரை மணிக்கு இரண்டு மாதிரிகளும் இயந்திரத்திலிருந்து வெளியே வந்திருந்தன. திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு சங்கதி உண்டு. திரையில் விழும் புள்ளிகள் கட்டம் போட்டுப் பிரிந்து நிற்காது. திட்டுத் திட்டாக, விளிம்பில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எந்தத் திட்டு குடித்தனக்காரர்கள் என்று சுட்டியைப் பிடித்துக் கையால் ஒரு கோடு வளைக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே விழுவதை இயந்திரம் எண்ணிச் சொல்லும். கோட்டை எங்கே போடுவது என்பதற்குச் சாயம் ஏற்றாத மாதிரி ஒன்றை வைத்து முதலில் அளவு எடுத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் திட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதற்கேற்பக் கோட்டையும் ஒரு மயிரிழை நகர்த்துவோம். அந்த மயிரிழைக்குத்தான் எனக்குச் சம்பளம். மற்ற ஊர் ஆய்வகங்களிலிருந்துகூடக் கோப்புகளை அனுப்பி, எங்கே கோடு போடுவது என்று என்னைக் கேட்பார்கள்.

நாற்பத்தேழுக்கு முறைப்படி கோடு போட்டேன். பதினைந்து வந்தது. நூற்றுக்குப் பதினைந்து.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விளிம்பில் இருந்த புள்ளிகளைப் பார்த்தேன். இதெல்லாம் சந்தேகக் கேஸ் தானே என்று தோன்றியது. கோட்டின் ஒரு முனையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். பதின்மூன்று. இன்னொரு முனை. பதினொன்று. இரண்டு முனைகள் சேர்த்து. ஒன்பது. நாலு இழுப்புதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சேமித்துவிட்டு நாற்பத்தெட்டைத் திறந்தேன். யாரோ முகம் தெரியாதவருடையது. அதற்கு அணுவளவும் பிசகாமல், பாடப் புத்தகத்தில் வரைகிற மாதிரி கோடு போட்டேன். பதினாறு வந்தது. பாவம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் எல்லோருக்குமா நோய் திரும்புகிறது? திரும்பினால் மறுபடி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அதற்குள் ஒரு குழந்தை. நடுவில் இந்த ஒரு வழி மட்டும்தான் திறந்திருக்கிறது, அதையும் ஏன் அடைக்க வேண்டும்? அன்றைக்கு அவளிடம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் முழங்காலில் ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்திரியை மட்டும் பார்த்தேன். எட்டு நாள் நான் யார் மேலும் எரிந்து விழவில்லை. ஆய்வகத்தில் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, முடிவு வந்தது. மருத்துவர் நோயாளிகளை நேரில் கூப்பிட்டுச் சொன்னார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிவு வந்துவிட்டதால் இனிமேல் பேசலாம்.

"பதினாறுன்னு வந்திருக்காம். மாத்திரையைத் தொடரணும்னு சொல்லிட்டாங்க."

ஒன்பது என்று சொல்லியிருக்க வேண்டுமே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அவள் தரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஊசி அறை வாசலில் இன்னொரு அக்கா உட்கார்ந்திருந்தாராம். பெரிய சலவை நிலையம் ஒன்றில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. பதினோரு மணிக்கு ஊசி என்று சொல்லியிருந்தும், சீக்கிரம் முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடலாம் என்று எட்டு மணிக்கே வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று நர்ஸிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவளுக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் இல்லை. நீங்கள் முதலில் போங்கள், நான் பிறகு போகிறேன் என்று தன் முறையைக் கொடுத்துவிட்டாள். காத்திருந்த நேரத்தில் இருவரும் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். இவள் அவருக்குப் பெட்ஷீட் அக்கா என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"அந்த அக்காவுக்கு ஒன்பதுன்னு வந்துச்சாம், நிறுத்தலாமாம். போன்ல அழுதுட்டாங்க. அவங்களுக்காவது நல்லது நடந்துச்சே."

சொல்லிவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழு அந்த அக்காவுடையது, நாற்பத்தெட்டு இவளுடையது. வீட்டில் நாங்கள் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி என் காலை வாரிவிட்டது.

அடுத்த நாலு நாளும் எனக்குள் ஒரு வக்கீல் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தான். அந்த அக்காவுக்கு நோய் திரும்பாமலே போகலாம். பதினைந்தும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே. சொன்னால் என் வேலை போகும், நான் இதுவரை எண்ணிய நாற்பத்தெட்டு மாதிரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள், ஆய்வே கவிழ்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, என் மனைவிக்குத் தெரிந்துவிடும். வக்கீல் நன்றாகத்தான் பேசினான். வெள்ளிக்கிழமை என் மனைவி வழக்கம்போல மாத்திரைகளை விழுங்கினாள். அந்த அக்கா அன்றைக்கு விழுங்கியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, வாய் ஓயாத பேச்சு. சனிக்கிழமை குமட்டல் இல்லாமல் எழுந்திருந்து எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். பால்கனியில் எங்கள் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. அது தொங்கிய விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. எடுத்து உதறினார். ஒரு முனையை என் மனைவியிடம் கொடுத்தார். ஒரு தடவை முன்னால் போனார், ஒரு தடவை பின்னால் வந்தார், கண்ணை மூடித் திறப்பதற்குள் விரிப்பு ஒரு புத்தகம் போல மடிந்து அவர் கையில் இருந்தது. நாளைக்கு நானூறு மடிப்பேன் என்றார்.

முன்பு ஒரு தடவை நோய் முற்றியபோது மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்த கதையையும் சொன்னார். கழிப்பறைக்குப் போகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்ததாம். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், திரும்ப வாங்க ஒரு வருடம் நடையாய் நடந்தாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இனிமேல்தான் பயம் இல்லையே.

"மேல யாரோ உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணினாங்களாமே. அவங்க நல்லா இருக்கணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். எண்ணுவது நான்தான் என்று அவள் காட்டிக்கொடுக்கவில்லை, கண்ணில் மட்டும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. பதினாறு என்று தன் தலையில் எழுதியவனைப் பார்த்து அவள் பெருமைப்பட்டாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் தலைமை மருத்துவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கடிதம், நான் போட்ட கணக்கு, நாலு இழுப்பு, சலவை நிலையத்து அக்கா. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஏன் செய்தீர்கள் என்று கேட்பார் என்று பதிலோடு போயிருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

"எந்தெந்த முனையை நகர்த்தினீங்க? எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே இயந்திரத்தின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளை, புள்ளிகள் விழுந்த மூலக் கோப்பை யாராலும் மாற்ற முடியாது, நான் மாற்றியது கோட்டை மட்டும்தான். அதனால் திரும்ப எண்ணலாம். வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். எது எவருடையது என்று ஒன்றும் தெரியாத அவள் மூன்று நாள் உட்கார்ந்து நாற்பத்தெட்டு மாதிரிகளையும் முதலிலிருந்து எண்ணினாள். நான் கீழ்த்தளத்தில் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நாற்பத்தேழில் கையை வைத்த குறுகுறுப்பில், நாற்பத்தெட்டுக்கு நான் ஒருவேளை அளவுக்கு மீறிக் கறாராக இருந்துவிட்டேனோ? கோடு கொஞ்சம் அகலமாக விழுந்து, எண்ணக் கூடாததையும் எண்ணிவிட்டேனோ? அப்படியானால் திரும்ப எண்ணும்போது அவளுடையது குறையும். பத்துக்குக் கீழே வந்தால் என் வேலை போனால்கூடப் பரவாயில்லை. குழாயைக் கழுவும்போதெல்லாம் இதையே நினைத்தேன். தப்பை ஒப்புக்கொண்ட பிறகும் எனக்குள் அந்த ஆசை கொஞ்சமும் குறையவில்லை.

புதன்கிழமை மாலை மருத்துவர் என்னைக் கூப்பிட்டு அட்டவணையைக் காட்டினார். நாற்பத்தேழு, பதினைந்து. நாற்பத்தெட்டு, பதினாறு. தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்கூட நான் போட்டதுதான். மற்ற நாற்பத்தாறும் அப்படியே என் எண்ணிக்கையோடு பொருந்தின. உங்கள் கண் இவ்வளவு சுத்தம், இனிமேல் அதை நான் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வாழ்நாளில் நான் போட்டதிலேயே திருத்தமான கோடு என் மனைவியின் முழங்காலுக்குப் போட்டதுதான்.

வியாழக்கிழமை பெட்ஷீட் அக்காவைக் கூப்பிட்டு, எண்ணிக்கையில் தவறு நேர்ந்துவிட்டது, நாளையிலிருந்து மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம்தான் தவறியிருந்தது, முழங்காலில் வீக்கம் எதுவும் இல்லை. அந்த நிம்மதியோடு நான் பயிற்சிப் பள்ளி மைதானத்துக்குப் போனேன். வீடுவரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். வகுப்பு முடிந்து அவள் மட்டும் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் மாணவர் உட்காரும் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். அக்கா அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

எண்ணியதில் தப்பாமே என்று அவளே ஆரம்பித்தாள். தப்பு இல்லை, நான் வேண்டுமென்றே செய்தது என்றேன். முதலிலிருந்து சொன்னேன். அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மைதானத்தில் வேறொரு கார் கம்பங்களுக்கு நடுவே பின்னோக்கி வந்து, இடித்து, திரும்ப முன்னே போய், மறுபடி வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த அக்காவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், நான் கூட வர மாட்டேன் என்றாள். சரி என்றேன். அவர் கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் கிடந்ததை நீங்களும்தானே கேட்டீர்கள் என்றாள். அதற்கும் சரி என்றேன். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். அன்றைக்கு அவள் பேசியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க மாத்தினது நெஜமாவே என்னோடதா இருந்திருந்தா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பாவிட்டாலும் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் நாலு நாள் வாதாடிய அந்த வக்கீல் இப்போது எங்கேயோ போய்த் தொலைந்திருந்தான்.

"மாட்டேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அறைவாள் என்றுகூட நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒன்பதுன்னு சொல்லியிருந்தா, ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். நடுவுல முழங்கால் வீங்கியிருந்தாலும் உங்ககிட்ட காட்டியிருக்க மாட்டேன். ஒம்போது மாசமும் மூடி வச்சிருப்பேன்."